குழாயடியில் கிடந்த அரைக்காசு

மலாக்கா,
1892 பிப்ரவரி 20

தம்பி பூன் லியாட்டுக்கு அக்கா சிம் நியோ எழுதுவது.

நீ கவர்னரோடு கப்பலேறிப் போய்விட்டாய். அதனால் குழாய்த் திறப்பு விழாவுக்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள், பாவம், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. துரைமார்களுக்கும் புரியவில்லை. புரிய வேண்டியவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நான் வாசல் அரைக்கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெசிடென்ட் துரை வெள்ளிக் கிண்ணத்தை உன் கையில் கொடுத்தார். நீ குழாயைத் திருகினாய். தண்ணீர் வந்தது. தெருவே கைதட்டியது. அப்பா மிளகு மூட்டை சுமந்து நடந்த தெருவுக்கு அவர் பிள்ளை மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருக்கிறான் என்று எனக்கும் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போதுதான் நீ உள்சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு அரைக்காசை எடுத்துத் தொட்டியில் போட்டாய்.

எதற்குப் போட்டாய்?

தலைமகன் எந்த நாளில் தண்ணீருக்குக் காசு போடுவான்? அப்பா போன அன்று வெறுங்காலோடு நடந்து, நம் முற்றத்துக் கிணற்றில் காசைப் போட்டு, அவர் உடம்பைக் கழுவத் தண்ணீர் வாங்கி வந்தாயே, அந்த நாளில்தான். அம்மா உயிரோடு இருக்கிறாள். மாடியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் உயிரோடு இருக்கும்போதே, ஊரைக் கூட்டிவைத்து, அவளுக்குத் தண்ணீர் வாங்கிவிட்டாய்.

கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. நீ கவனிக்கவில்லையா? எதிர்வீட்டு குவா வீட்டம்மா என் காதுபட அவள் மருமகளிடம் சொன்னாள்: "பாத்தியாடி, பெத்தவளுக்கு நாள் குறிச்சிட்டான். அதுவும் அரைக்காசுக்கு. இவ்வளவு பெரிய கிட்டங்கி வச்சிருக்கவன், ஒரு முழுக்காசு போடக்கூடாதா?"

இன்று வரை ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழாயிலிருந்து போகவில்லை. பிணம் கழுவ வாங்கிய தண்ணீரை யார் குடிப்பார்கள்? அந்தக் காசைத் தொடக்கூட ஆளில்லை, தொட்டியிலேயே கிடந்தது. கடைசியில் நான்தான் சமையல்கார ஆ மொய்யை இருட்டும் நேரத்தில் அனுப்பினேன். அவள் அடுப்பு இடுக்கியால் எடுத்துவந்து, "எங்கம்மா வைக்கிறது?" என்றாள், ஏதோ பாம்புக் குட்டியைப் பிடித்துவந்தவள் போல.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ வந்து கோவிலில் செய்ய வேண்டியதைச் செய். வரும்போது வழக்கம்போல் சிங்கப்பூரிலிருந்தே கூஜாவில் தண்ணீர் கொண்டு வருவாய், தெரியும். பிறந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பெரிய மனிதர் ஊருக்குத் தண்ணீர் கொடுக்க வந்தாராம். இதையும் குவா வீட்டம்மாதான் சொன்னாள், ஆனால் இதில் நான் அவளோடு சண்டைபோட முடியவில்லை.

சிம் நியோ


சிங்கப்பூர், படகுத்துறைக் கிட்டங்கி,
1892 பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிளகுக் கப்பல் வந்த நாள். ஆட்கள் மூட்டை இறக்கும் சத்தத்துக்கு நடுவில் படித்தேன்.

அது வியாபாரிப் பழக்கம், வேறொன்றும் இல்லை. புதுக்கடை திறந்தால் முதல் சரக்கைக் கைக்காசு கொடுத்துத்தான் வாங்குவோம், விருத்தியாகட்டும் என்று. சித்தப்பா கடையில் தரை கூட்டிய வயதிலிருந்து கை அப்படிப் பழகிவிட்டது. குழாய் திறந்தது, கை தானாகப் பைக்குள் போயிற்று. இதற்குப்போய் ஊர் இவ்வளவு பேசுமா? பேசட்டும். வெயில் ஏறினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தானாக வருவார்கள்.

இங்கேயும் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மருத்துவமனைக் கமிட்டி விருந்தில் யோ தியாம் சூய், அதுதான் என்னோடு எல்லா ஏலத்திலும் போட்டிபோடும் அந்த ஆள், பன்றிக்கறித் தட்டைத் தாண்டி உரக்கக் கேட்டார்: "என்னப்பா லியாட், அம்மாவுக்கு முன்பணம் கட்டிட்டியாமே? தள்ளுபடி ஏதும் கிடைச்சுதா?" மேஜை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சாப்பாடு முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் குழாய்க்குப் பணம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தேன், உனக்குத் தெரியும். குழாய் வந்த தெருவில் கிணறுகளை மூடிவிட வேண்டும். வாந்திபேதி கிணற்று வழியாகத்தான் வருகிறது என்று மருத்துவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். முதலில் நம் வீட்டுக் கிணற்றை மூடுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம்முடையதை வைத்துக்கொண்டு அடுத்தவன் கிணற்றை மூடு என்று எந்த வாயால் சொல்வது? நகரசபை மேற்பார்வையாளர் டி கோஸ்தா அடுத்த மாதம் ஆட்களோடு வருவார். வண்டியும் மண்ணும் அவர்கள் பொறுப்பு. நீ பின்கதவைத் திறந்துவிட்டால் போதும்.

கோவிலுக்கு ஊதுபத்தியும் எண்ணெயும் அனுப்பியிருக்கிறேன். வர நேரமில்லை. இரண்டு குலத்தார் கல்லறை நிலத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு என் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்த்துவைக்காவிட்டால் கத்தி எடுத்துவிடுவார்கள்.

அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

பூன் லியாட்


மலாக்கா,
1892 மார்ச் 24

தம்பிக்கு,

உன் டி கோஸ்தா வந்தார். நான் என் நல்ல சரோங்கை உடுத்தி, கொண்டையில் மூன்று ஊசியும் குத்தி, வெற்றிலைப் பெட்டியை எடுத்துப்போய்க் கிணற்று விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க. நகரசபை உத்தரவு."

"யார் உத்தரவு?"

"உங்க தம்பி ஐயாவோட உத்தரவுதாம்மா."

"என் தம்பிக்கு நான் மூக்குச் சளி தொடச்சிருக்கேன். உத்தரவ அவன் வந்து சொல்லட்டும். நீங்க வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து ஒரு கலயம் டீ குடிங்க."

"எந்தத் தண்ணிம்மா?" என்று கேட்டார் அந்த மனிதர். கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். மண் வண்டி வந்த வழியே திரும்பிப்போனது.

இந்தச் சத்தத்தில் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. மேலே கூப்பிட்டுக் கேட்டாள், நான் சொன்னேன். நீ காசு போட்டதையும் ஊர் பேசுவதையும் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ன காசுடி போட்டான்?"

"அரைக்காசும்மா. செப்புக்காசு. தேஞ்சுபோனது."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி கஞ்சி வேண்டாம் என்றுவிட்டாள். பெற்ற பிள்ளை அரைக்காசுக்கு வழியனுப்பினால் யாருக்குத்தான் மனம் தாங்கும்?

நீ வியாபாரிப் பழக்கம் என்று எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? கூலிக்கு ஆள் வைத்துக் கடிதம் எழுதக்கூடாது என்று, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நீ. நீ பொய் எழுதும்போது உன் எழுத்து நேராக நிற்கும். இந்தக் கடிதத்தில் ஒரு கோணல்கூட இல்லை.

கேட்க வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். இப்போது கேட்டுவிடுகிறேன். உன் மகள் கிம் இந்த வீட்டில்தான் செத்தாள். கல்லறை கும்பிடும் திருநாளுக்கு அப்பாவும் மகளுமாக வந்தீர்கள். வெயிலில் கல்லறை மலைக்குப் போய்விட்டு வந்து, "அத்தை, தண்ணி" என்று என்னிடம்தான் கேட்டாள். நம் கிணற்றுத் தண்ணீரை நான்தான் மொண்டு கொடுத்தேன். மறுநாள் விடிவதற்குள் வாந்திபேதியில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வயசு.

அன்றிலிருந்து உன் மனைவி இந்தப் படி ஏறவில்லை. நீ கூஜாவோடு வருகிறாய். கொடுத்த கை என்னுடையது என்று நீ நினைக்கிறாய். ஒரு நாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் ஒரு ஊருக்கே குழாய் போட்டாய். இப்போது மண்ணள்ளிப் போட்டு மூடச் சொல்வது கிணற்றையா, என்னையா? வாயைத் திறந்து சொல்லிவிடு. சொன்ன பிறகு நானே எழுந்து வழிவிடுகிறேன்.

அதுவரை எழுதாதே.

சிம் நியோ


சிங்கப்பூர்,
1892 ஏப்ரல் 21

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

மீனவர் சந்தில் வாந்திபேதி வந்துவிட்டதாக நகரசபையிலிருந்து தகவல். அது நம் தெருவுக்கு அடுத்த தெரு. குழாயை யாரும் தொடவில்லை என்றும் அதே தகவலில் இருக்கிறது. தண்ணீர் இருந்தும் குடிக்காத ஜனங்களுக்கு இன்னொரு குழாய் எதற்கு என்று இங்கே கவர்னர் சபையில் ஒரு துரை கேட்டார். மீனவர் சந்துக்கு வரவேண்டிய குழாயை நிறுத்திவிடப் பார்க்கிறார்கள். நான் எழுந்து பதில் சொன்னேன். பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். நம்மவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பூன் லியாட் பேச்சில் தடுமாறி யாரும் பார்த்ததில்லை.

அந்த அரைக்காசு இத்தனை பேரை அந்தக் குழாயிடமிருந்து விரட்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

நீயும் அம்மாவும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஆ மொய்க்கும் சொல். டி கோஸ்தாவை நான் சொல்லும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிணறு இருக்கட்டும். கொதிக்கவை, அவ்வளவுதான் கேட்கிறேன்.

கிம்மைப் பற்றி நீ எழுதியதற்கு: நான் சொல்லாததை எனக்காக நீ சொல்லாதே அக்கா. இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

பூன் லியாட்


மலாக்கா,
1892 ஏப்ரல் 30

தம்பி,

கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். இதை உனக்கு உடனே எழுதாமல் இருக்க முடியாது.

மீனவர் சந்தில் மூன்று வீட்டில் சாவு. நம் தெருவிலும் குவா வீட்டு வண்டிக்காரன் விழுந்துவிட்டான். நேற்றுக் காலை அவனைத் தூக்கிப்போனார்கள். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "என் நீளச் சட்டையை எடு, செருப்பை எடு" என்றாள். அப்பாவின் சவ ஊர்வலத்துக்குப் பிறகு அம்மா தெருவில் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

"எங்கம்மா போறே? இருமல் கொல்லுது உன்னை."

"தண்ணி பிடிக்கப் போறேன்."

"ஆ மொய் எதுக்கு இருக்கா?"

"ஆ மொய்க்கா வாங்கி வச்சிருக்கான் என் பிள்ளை?"

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஆ மொய். நடுவில் அம்மா, ஒரு பீங்கான் கலயத்தைப் பிடித்துக்கொண்டு. தெருவில் ஒவ்வொரு அரைக்கதவுக்குப் பின்னாலும் கண்கள். குழாயடிக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா வெற்றிலையைத் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். நாலு வீடு தள்ளிக் கேட்கிற குரலில், அந்தக் குரல் அவளிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆரம்பித்தாள்:

"என்னைக் குளிப்பாட்ட என் பிள்ளை தண்ணி வாங்கி வச்சிட்டானாமே! எல்லாரும் சொல்றீங்க, எனக்குத்தான் கடைசியாத் தெரியுது. சரி, குளிக்கிறதுக்கு முன்னாடி குடிச்சுப் பாக்குறேன். உப்பா இருந்தா திருப்பிக் குடுத்துடலாம், வியாபாரி வீடுதானே!"

யாரோ கதவுக்குப் பின்னால் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா கலயத்தில் பிடித்தாள். கலயம் முழுக்கக் குடித்தாள். இன்னொன்று பிடித்து என்னிடம் நீட்டினாள். தம்பி, நான் ஒரு கணம் தயங்கினேன். பிறகு குடித்தேன். சில்லென்று இருந்தது. கொஞ்சம் இரும்பு வாசம், அவ்வளவுதான்.

"எவளுக்கு வேணும்?" என்று கேட்டாள் அம்மா. ஒருத்தரும் வரவில்லை. "அப்ப சரி. ஆ மொய், முக்காலியக் கொண்டா. நான் இங்கயே உக்காந்திருக்கேன். சாகறேனா இல்லையான்னு பாத்துட்டு அப்புறமா வாங்க."

அந்த வெயிலில் உட்கார்ந்தேவிட்டாள். நான் குடை பிடித்தேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேச்சு கொடுத்தாள். மீன்காரனிடம் விலை கேட்டாள், விலை கேட்டுவிட்டுத் திட்டினாள். மதியம் அரைக்கதவைத் திறந்துகொண்டு குவா வீட்டம்மாவே குடத்தோடு வந்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தாள், ஆனால் வந்தாள்.

"இன்னும் சாகலியா?" என்றாள் அம்மாவைப் பார்த்து.

"உன்னை அனுப்பிட்டுத்தான் போவேன், பிடி தண்ணிய" என்றாள் அம்மா.

சாயங்காலம் குழாயடியில் வரிசை நின்றது. மீனவர் சந்திலிருந்துகூட வந்தார்கள். உன் சபையில் அந்தத் துரைக்கு இதைச் சொல்.

இனி நான் கேட்கிற விஷயம். ராத்திரி அம்மாவுக்குக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "உனக்குக் கோபமே இல்லையாம்மா? நீ உசுரோட இருக்கறப்பவே காசு போட்டானே" என்று கேட்டேன்.

"அது எனக்குப் போட்டது இல்லடி" என்றாள்.

"பின்னே யாருக்கு?"

"எனக்குன்னா அவன் வெள்ளிக்காசு போட்டிருப்பான், அவன் பவிசு உனக்குத் தெரியாதா? அரைக்காசு யார் கையில இருக்கும்? உன் தம்பியையே கேளு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

நான் தூங்கவில்லை. தம்பி, கேட்கிறேன். யாருக்குப் போட்டாய்?

சிம் நியோ


சிங்கப்பூர்,
1892 மே 6

அக்கா,

எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிட்டங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இந்த முறை எழுத்து கோணலாக இருக்கும், நீயே பார்த்துக்கொள்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தத் திருநாளன்று மலையிலிருந்து இறங்கும்போது கிம் சர்க்கரைக் கடலை கேட்டாள். அரைக்காசு கொடுத்தேன். கடைக்காரன் கிளம்பிப்போய்விட்டான். "நாளைக்கு வாங்கிக்கறேன்ப்பா" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தச் சட்டையை மறுநாள் எரிப்பதற்காக எடுத்துப்போனார்கள். எடுத்துப்போகும்போது காசு கீழே விழுந்தது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நம் வழக்கம் உனக்கே தெரியும். குழந்தைக்கு அப்பன் எதுவும் செய்யக்கூடாது. பெரியவர்கள் என்னைக் கூடத்தில் பிடித்து உட்காரவைத்தார்கள். "நீ அழக்கூடாது, நீ பின்னால போகக்கூடாது, சின்னதுக்குப் பெரியவங்க தலைகுனியக் கூடாது" என்றார்கள். சின்னப் பெட்டியைப் பின்கதவு வழியாகக் கொண்டுபோனார்கள். நான் முன்கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சொன்னேன். அவளுக்காக ஒருவரும் தண்ணீர் வாங்கவில்லை அக்கா. யார் வாங்குவார்கள்? வாங்குவதற்குப் பிள்ளை வேண்டும். ஆறு வயசுக்காரிக்கு ஏது பிள்ளை?

அதற்குப் பிறகு எவ்வளவோ செய்தேன். மருத்துவமனைக்குக் கட்டிலும் மருந்தும் கொடுத்தேன், பள்ளிக்கூடம் கட்டினேன், சண்டை போட்டவர்களைச் சேர்த்துவைத்தேன். துரைமார்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எங்கே போனாலும் அந்தக் காசு என் உள்சட்டைப் பையில் இருந்தது. அன்றைக்குக் குழாயைத் திருகியதும், அவ்வளவு தெளிந்த தண்ணீர் கையில் விழுந்ததும், இது அந்தத் திருநாளுக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று ஒன்றுதான் தோன்றியது. கூட்டம் இருந்தது, கவர்னர் இருந்தார், ஒன்றும் தெரியவில்லை. காசைப் போட்டேன். ஊர் என்ன நினைக்கும் என்று கப்பலில் ஏறிய பிறகுதான் உறைத்தது. உயிரோடு இருக்கிற அம்மாவுக்குச் செய்ததாக ஆகிவிட்டதே என்று அன்றைக்கு முழுக்கக் கப்பல் மேல்தளத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அப்பன் மகளுக்குத் தண்ணீர் வாங்கினான் என்று அதையும் பழிப்பார்கள். அதனால்தான் வியாபாரிப் பழக்கம் என்று எழுதினேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அன்று நானும் அதே தண்ணீரைக் குடித்தேன். நீயும் குடித்தாய், அம்மாவும் குடித்தாள். நோய் அவளை மட்டும் எடுத்துக்கொண்டது. உன் கை என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. கூஜாவை எதற்குக் கொண்டு வந்தேன் தெரியுமா? நீ டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினால், நீ அவளுக்கு நீட்டியது ஞாபகம் வந்து உன் முன்னால் உடைந்துபோவேன். அழக்கூடாது என்று அத்தனை பேர் சொல்லியிருந்தார்கள். அழுதால் உன்னைக் குறைசொல்வதாக நீ எடுத்துக்கொள்வாய் என்றும் பயந்தேன். கூஜாவையே நீ அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறாயே. இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

கிணற்றை உன் இஷ்டம்போல் வைத்துக்கொள். நகரசபைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆ மொய் இடுக்கியால் எடுத்த அந்தக் காசு என்ன ஆயிற்று? தூக்கி எறிந்திருந்தாலும் பரவாயில்லை. தெரிந்தால் போதும்.

பூன் லியாட்


மலாக்கா,
1892 மே 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, மூடிவைத்துவிட்டேன். "போதும், மிச்சம் எனக்குத் தெரியும்" என்றாள். அன்று காசு விழுந்ததையும் நீ குனிந்ததையும் அம்மா மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறாள். இந்த வீட்டிலிருந்து நீ எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காசை எறியவில்லை. தீட்டுக் காசு என்று உப்பு ஜாடிக்குள் போட்டு, மூடி, அடுப்பங்கரைப் பரணில் வைத்திருந்தேன். எடுத்துக் கழுவினேன்.

நேற்று டி கோஸ்தாவுக்கு நானே ஆள் அனுப்பினேன். மண்வண்டியோடு வந்தார். என்னைக் கிணற்றுப் பக்கம் பார்த்ததும், "அம்மா, இன்னிக்கும் வெத்தலைப் பெட்டியா?" என்று கேட்டார். "இல்ல, கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க, கூப்பிடறேன்" என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றார், நல்ல மனிதர்.

செருப்பைக் கழற்றினேன். முற்றத்தில் வெறுங்காலோடு நடந்தேன். நீ அப்பாவுக்கு நடந்தது போலத்தான் நடந்தேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்த அரைக்காசைக் கிணற்றில் போட்டேன். கிம் பேரைச் சொன்னேன். ஒரு கலயம் தண்ணீர் மொண்டு, அவளைக் கிடத்தியிருந்த அறைத் தரையில் ஊற்றித் துடைத்தேன். அத்தை இதைச் செய்யலாமா, பெரியவர்கள் சின்னவளுக்குச் செய்யலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. வாங்குவதற்கு அவளுக்குப் பிள்ளை இல்லை என்றாயே. கொடுத்த கை இருந்தது, வாங்கியது.

அதற்குப் பிறகு டி கோஸ்தாவைக் கூப்பிட்டேன். முதல் கூடை மண்ணை நான் போட்டேன். சாயங்காலத்துக்குள் மூடிவிட்டார்கள். முற்றம் பெரிதாகத் தெரிகிறது. அம்மா அதில் எலுமிச்சை வைக்கலாம் என்கிறாள், குவா வீட்டம்மா மல்லிகை வைக்கலாம் என்கிறாள், இரண்டு பேரும் இப்போதே சண்டை.

அம்மா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அடுத்த தடவை எனக்காகப் போடும்போது வெள்ளிக்காசா போடச் சொல்லு. அதுவும் நான் சொல்றப்பதான் போடணும், முன்னாடியே போடக்கூடாது." சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள். இருமல் குறைந்திருக்கிறது.

உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் வா. கூஜா வேண்டாம். டம்ளர் கழுவி வைத்திருக்கிறேன். நீ அழுதால் அழு, நானும் கூட அழுகிறேன்.

உன் அக்கா
சிம் நியோ